உபதேசியார் வீட்டு மெழுகுதிரி

மெழுகுதிரி ஒரு பக்கமாக வழிந்து ஊற்றினால் எல்லோரும் கடைக்காரரைத் திட்டுவார்கள். என் பெரியப்பா சன்னலைத் திரும்பிப் பார்ப்பார். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூர்க் கோயிலில் அவர் உபதேசியார். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்றபடி மணியடிப்பது, செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, பீடத்துத் திரிகளை ஏற்றி அமர்த்துவது எல்லாம் பெரியப்பாதான். பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். பீடத்தில் ஆறு திரி ஏற்றினால் அதில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேய்ந்து, அடியில் மெழுகு குளமாகத் தேங்கிக் கிடக்கும். எப்போதும் அதே இரண்டு இடத்தில்தான். ஏன் என்று கேட்டேன்.

"காத்து எங்கேருந்து வருதுன்னு பாரு பாப்பா. திரி என்ன பண்ணும், பாவம்."

பக்கவாட்டுக் கதவுக்கு நேரே இருந்த திரிகள் அவை. கதவைச் சாத்தியதும் சுடர் நிமிர்ந்து நின்றது. காற்று தள்ளும் பக்கம் சுடர் சாய்கிறது; சாய்ந்த பக்கத்துச் சுவர் முதலில் உருகுகிறது; சுவர் உடைந்ததும் தேங்கிய மெழுகெல்லாம் வெளியே ஓடிவிடுகிறது; திரிக்குக் குடிக்க மெழுகு குறைந்து, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் நூலே எரிகிறது. அதனால் சுடர் பெரிதாகி, இன்னும் வேகமாக உருக்குகிறது. ஒருமுறை வழியத் தொடங்கிய திரி அடிவரை வழிவதற்கு இதுதான் காரணம். கதவைச் சாத்த முடியாத நாட்களில் பெரியப்பா செபத்துக்கு நடுவே எழுந்து போய்த் திரியை அரை வட்டம் திருப்பி வைப்பார். தண்டுடன் சேர்த்து மெதுவாகத் திருப்பினால் மறுபக்கமும் உருகி விளிம்பு சமமாகிவிடும்.

இதே விஷயத்தை மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்று கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மெழுகுதிரியைப் பற்றியே ஒரு தொடர் சொற்பொழிவு நடத்தினார். 1861இல் அது புத்தகமாக வந்தது. திரியைச் சுற்றி மேலேறும் காற்று வெளிச் சுவரைக் குளிர்வித்துக்கொண்டே போகிறது, அதனால் நடுவில் உருகி விளிம்பில் உருகாமல் ஒரு கிண்ணம் உண்டாகிறது, அந்தக் கிண்ணம் ஒழுங்காக இருக்கும்வரை திரி ஒழுங்காக எரியும் என்பது அவர் விளக்கம். பார்க்க அழகாக வரிவரியாக நெளிந்த திரிகள் மோசமாக எரிவதும் இதனால்தான் என்றார்; சுவர் ஒரே சீராக இல்லாவிட்டால் கிண்ணம் அமையாது. கிறிஸ்துமஸுக்கு மரம் மாதிரியும் தேவதை மாதிரியும் விற்கிறார்களே, அவை மேசையில் வைத்துப் பார்க்க மட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தேவதையின் தோள் உருகி வழிவதைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

பெரியப்பா ஃபாரடேயைப் படித்தவரில்லை. அவரிடம் இருந்தது ஒரு பழைய கத்தரிக்கோல். பூசைக்கு முன்னால் ஒவ்வொரு திரியின் நூலையும் கால் இஞ்சுக்கு வெட்டிவிடுவார். மில்லிமீட்டரில் சொன்னால் ஆறு. நீளமாக விட்டால் சுடர் உயர்ந்து தாவும், புகை கக்கும், நுனியில் கரி முண்டு கட்டும். அந்தக் கரி மெழுகுக்குள் விழுந்து மிதந்தால் அதுவும் சில நேரம் பற்றிக்கொள்ளும். அடியோடு வெட்டினாலும் வம்பு. சுடர் சிறுத்து, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துபோகும். எரிந்துகொண்டிருக்கும்போது வெட்டக் கூடாது. அணைத்து, மெழுகு இறுகிய பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார். வெட்டிய துண்டு கிண்ணத்துக்குள் விழாமல் இடது கையை அடியில் ஏந்தியிருப்பார்.

திரிநூலை வெட்டும் வேலையை ஒழிக்க ஐரோப்பாவில் ஒரு வழி கண்டார்கள். 1825 வாக்கில் கம்பசெரே என்ற பிரெஞ்சுக்காரர் நூலை முறுக்குவதற்குப் பதிலாகச் சடையாகப் பின்னினார். பின்னிய நூல் எரியும்போது ஒரு பக்கமாக வளையும்; வளைந்த நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து, அங்கே காற்றுப் பட்டுத் தானே சாம்பலாகிவிடும். அதற்கு முன்னால் கொழுப்பில் செய்த திரிகளுக்கு அருகிலேயே ஆள் இருந்து கத்தரித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முறுக்கு நூல்தான். அதனால் கத்தரிக்கோலுக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது.

அப்படி ஒரு பட்டறைக்குப் பெரியப்பா என்னை அழைத்துப் போயிருக்கிறார். கோயிலுக்கு மொத்தமாகத் திரி வாங்கும் இடம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்கள். இரண்டாகப் பிளக்கும் அலுமினிய அச்சு. அதன் மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் இடையே வெள்ளை நூலை இழுத்து இழுத்துச் சுற்றி, அச்சை மூடி இறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவார்கள். மெழுகுப் பாளத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், தண்ணீர் கொதிக்கும் அண்டாவுக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவார்கள். நேரடியாக வைத்தால் சூடு எல்லை மீறி மெழுகே பற்றிக்கொள்ளும். ஊற்றியதும் வேலை முடிவதில்லை. ஆற ஆற மெழுகு சுருங்கி வாய்ப்பகுதியில் பள்ளம் விழும். அதில் மறுபடி கொஞ்சம் ஊற்ற வேண்டும். அங்கே இருந்த அக்கா ஒருவர் நூலை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தொய்ந்த நூல் நடுவில் நிற்காது, ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். ஓரத்தில் நூல் இருக்கிற திரியைக் காற்றே இல்லாத அறையில் ஏற்றினாலும் அந்தப் பக்கமாகத்தான் வழியும். இதற்குப் பெரியப்பாவைக் கேட்டுப் பயனில்லை, பட்டறையைத்தான் கேட்க வேண்டும். அன்று முதல் கடையில் திரி வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். நூல் நடுவில் தெரிந்தால்தான் வாங்குவேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

தடித்த திரிகளின் குணம் வேறு. அதைப் பாஸ்கா திரியில் பார்த்தேன். பெரிய சனிக்கிழமை இரவு கோயிலுக்கு வெளியே மூட்டும் புது நெருப்பிலிருந்து ஏற்றுவார்களே, சிலுவையும் அந்த ஆண்டும் எழுதிய பெரிய திரி, அதுதான். பாஸ்கா காலம் முழுக்கப் பூசைக்கு எரியும்; பிறகு ஞானஸ்நானத்துக்கும் அடக்கப் பூசைக்கும் ஏற்றுவார்கள். அதாவது ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் நடுவில் மட்டும் உருகும், ஓரம் அசையாது. அடுத்த முறையும் அதே குழியில்தான் உருகும். நாளடைவில் சுடர் கிணற்றுக்குள் இறங்கி, வெளியே வெளிச்சமே தெரியாமல் போகும். பெரியப்பா பூசை முடிந்த கையோடு அதை அணைக்க மாட்டார். ஆட்கள் கலைந்த பிறகும் எரியவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். விளிம்பு கைக்கு இளக்கமானதும் சுடரை அணைத்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் சுற்றிச் சுற்றி உள்பக்கமாக அழுத்தி மடிப்பார். குளத்தில் மெழுகு மிதமிஞ்சி இருந்தால் கரண்டியால் கொஞ்சம் மொண்டு எடுப்பார். அப்படியும் ஓரம் உயர்ந்து நின்றால் மறுநாள் கத்தியால் சீவிவிடுவார். சீவல்கள் ஒரு பால்மாவு டப்பாவில் சேரும்; பட்டறைக்கே திரும்பிப் போகும்.

அதே இரவில் சனம் முழுக்கக் கையில் சின்னத் திரியோடு நிற்கும். பெரிய திரியிலிருந்து ஒருவர் ஏற்றி, அவரிடமிருந்து அடுத்தவர் ஏற்றி, இருட்டுக் கோயில் வரிசை வரிசையாக வெளிச்சமாகும். அப்போது பெரியப்பா நடுப்பாதையில் நடந்துகொண்டே சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எரியிற திரியைச் சாய்க்காதீங்க, எரியாத திரியைச் சாய்ச்சுப் பத்த வைங்க." எரிகிற திரியைச் சாய்த்தால் கிண்ணத்தில் தேங்கிய சூடான மெழுகு அடுத்தவர் கையிலோ முன்னால் நிற்கும் பிள்ளையின் தலையிலோ ஊற்றும். முன்னால் நிற்பவரின் முந்தானைக்கும் பின்னலுக்கும் சுடர் எத்தனை விரல் தள்ளி இருக்கிறது என்பதிலும் அவருக்கு ஒரு கண். செபம் அந்த இரவில் அவருக்கு இரண்டாம்பட்சம் என்றே எனக்குத் தோன்றும்.

மெழுகில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதைக் கல்லறைத் திருநாளில் பார்த்தேன். நவம்பர் 2ஆம் தேதி சாயங்காலம். எங்கள் ஊர்க் கல்லறையில் ஒவ்வொரு மேட்டிலும் மெழுகுதிரிகளை நெருக்கி நெருக்கி நட்டிருப்பார்கள். நெருக்கமாக நட்டால் ஒன்றின் சூட்டில் ஒன்று வளையும், வளைந்து அடுத்ததன் மேல் சாயும். ஒரு குடும்பத்தார் பிஸ்கட் டின் மூடியில் திரிகளைக் கட்டாக நட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் சாய்ந்து உருகி, மூடி நிறைய மெழுகு தேங்கி, தேங்கிய மெழுகே மேற்பரப்பு முழுக்கப் பற்றி எரிந்தது. யாரோ ஓர் அண்ணன் பதறிப்போய்ச் சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். குப்பென்று ஒரு தீப்பந்து ஆள் உயரத்துக்கு எழும்பியது. அவருடைய புருவ முடி கருகிவிட்டது. நல்ல வேளை, அதோடு போயிற்று. பெரியப்பா ஓடிவந்து, பக்கத்தில் கிடந்த மண்சட்டியைக் கவிழ்த்து அந்த மூடியை அப்படியே மூடினார். காற்றில்லாமல் தீ அடங்கியது.

தண்ணீர் ஊற்றினால் தீ அணையும் என்று கை தானாகப் போகிறது. எரிகிற மெழுகின் சூடு கொதிக்கிற தண்ணீரின் சூட்டைவிட மிக அதிகம். தண்ணீர் மெழுகைவிடக் கனமானதால் அடியில் இறங்கி, இறங்கிய மாத்திரத்தில் ஆவியாகிறது. ஆவியானால் அதன் கொள்ளளவு சுமார் 1,700 மடங்கு பெருகும். அந்த வேகத்தில் மெழுகைத் துளித்துளியாக மேலே வீசும். ஒவ்வொரு துளியும் காற்றில் எரியும். அடுத்த வருடத்திலிருந்து கல்லறை வாசலில் ஆற்று மணல் குவித்து வைத்தார் பெரியப்பா. திரிகளைச் சாணளவு இடைவெளி விட்டு மணலில் நடச் சொன்னார். இரண்டு திரிக்கு நடுவில் மூன்று இஞ்ச் இருந்தாலே போதும். சாண் என்று சொன்னால்தான் மூன்று இஞ்சாவது விடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

கல்யாணமாகித் திருச்சிக்கு வந்த பிறகு மெழுகுதிரி எனக்குக் கோயில் சாமான் என்பது போய் வீட்டுச் சாமானாகிவிட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை, மின்வெட்டு. 2012இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது மறக்காது. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை. தரையில் மெழுகைச் சொட்டவிட்டு அதில் திரியை ஒட்டுவார்கள். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் ஒட்டுவார்கள். அடிக்கு வரும்போது உலோகம் சூடாகி, ஒட்டு இளகி, திரி சரியும். டிவிப் பெட்டி மேல் ஒட்டினால் பிளாஸ்டிக் உருகும். பாட்டில் வாயில் செருகினால் கடைசியில் கண்ணாடி விரியும். நான் பெரியப்பா வழியில் ஒரு மண்சட்டியில் பாதிவரை மணலைப் போட்டு அதில் நட்டுவிட்டேன். சாயாது, சாய்ந்தாலும் மணலில்தான் விழும்.

அந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். ஆபத்து கரண்ட் போகும்போது வருவதில்லை, வரும்போதுதான் வருகிறது. கரண்ட் வந்ததும் பிள்ளைகள் "ஹே" என்று கத்துவார்கள், டிவி அலறும், விட்ட வேலைக்கு எல்லோரும் ஓடுவோம். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும். மூலையில் எரிந்துகொண்டிருக்கும் திரி யார் கண்ணிலும் படாது, வெளிச்சத்தில் அதன் சுடரே மங்கிவிடுகிறதே. கீழ்வீட்டில் ஒரு நாள் இப்படித்தான் விசிறிக் காற்றில் திரைச்சீலை பறந்து சுடரைத் தொட்டது. அந்த அம்மா சீலையைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்து அணைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கரண்ட் வந்ததும் முதலில் திரி, பிறகு விசிறி என்றாயிற்று. மின்வெட்டு நேரத்தில் விசிறிச் சுவிட்சைப் போட்டுவைக்கவே விடமாட்டேன்.

கோடையில் பரணில் போட்ட திரிகள் வில்லாக வளைந்திருக்கும். சாதாரணப் பாரஃபின் மெழுகு உருகுவது 60 டிகிரிப் பக்கத்தில்தான், அக்கினி நட்சத்திரத்தில் ஓட்டுக்கு அடியில் இளகுவதில் வியப்பில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெடுநேரம் எரியும் என்று பக்கத்து வீட்டில் வைப்பார்கள். அறைக்கு எடுத்துவந்த சற்று நேரத்தில் அந்தக் குளிர் போய்விடுகிறது. சிலது கீறல்தான் விடும். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தகர டப்பாவில் படுக்கப் போட்டால் போதும். தகரம் எலிக்காக. எலி மெழுகுதிரியைக் கொறிக்கும்.

பெரியப்பா காலமான பிறகு கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. ஊருக்குப் போய்ப் பார்த்தபோது பெரியம்மா வீட்டு ஓட்டில் பாதி இல்லை, தார்ப்பாய் கட்டியிருந்தது. தென்னை எல்லாம் படுத்துக் கிடந்தது. கடைகளில் மெழுகுதிரி கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலை ஏறியிருந்தது. பெரியம்மா மணல் சட்டியை ஆட்டுக்கல் மேல் வைத்திருந்தார். கல் நகராது, பற்றாது, பிள்ளைகள் கால் இடறினாலும் அசையாது. தார்ப்பாய்க்கும் அதற்கும் நடுவே நல்ல உயரம் இருந்தது. காற்றுக்கு மறைப்பாகப் பழைய அரிக்கேன் விளக்கின் கண்ணாடிக் கூண்டைத் திரியின் மேல் கவிழ்த்தார். வைத்ததும் சுடர் சிணுங்கிப் புகைந்தது. பேரன் பையில் இருந்த காசுகளில் மூன்றை வாங்கி, கூண்டின் விளிம்புக்கு அடியில் முக்கோணமாக வைத்தார். அந்த இடுக்கு வழியே காற்று உள்ளே போனதும் சுடர் ஆடாமல் நிமிர்ந்தது.

"மூச்சு விடக் காத்து வேணும், அடிக்கிற காத்துதான் ஆகாது. உங்க பெரியப்பா சொல்லுவாங்கள்ல."

மழைக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் இழுத்துச் சாத்தியிருந்தோம். பெரியம்மா எழுந்து போய் ஒன்றை மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டார். ஒரே அறையில் அத்தனை பேர், போதாததற்குத் திரியும். கொசுவலைக்குள் புத்தகம் படிக்கத் திரி கேட்ட பேத்திக்கு நல்ல வசவு கிடைத்தது. படுக்கும் நேரம் வந்ததும் ஒரு கொண்டை ஊசியால் திரிநூலை வளைத்து உருகிய மெழுகுக்குள் அமுக்கி, உடனே நிமிர்த்தினார். புகையே இல்லை. ஊதினால் மெழுகு தெறிக்கும், எழும் வெண்புகையும் நாறும். அந்தப் புகை எரியாமல் தப்பிய மெழுகின் ஆவிதான். அதில் நெருப்பைக் காட்டினால் சுடர் புகை வழியே இறங்கித் திரியை மறுபடி பற்றிக்கொள்ளும். இதையும் ஃபாரடே செய்துகாட்டியிருக்கிறார், பிள்ளைகள் கைதட்டியிருப்பார்கள். மெழுகில் நனைந்த நூல் மறுநாள் முதல் குச்சியிலேயே பிடித்தது.

இப்போது சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகள் பிறந்தநாளுக்கெல்லாம் கண்ணாடிக் குவளையில் வாசனை மெழுகுதிரி அனுப்புகிறாள். இரண்டு தடவை ஏற்றியதும் நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு அப்படியே நிற்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு நாள் போனில் புலம்பினாள். பாஸ்கா திரியின் கதைதான். முதல் தடவை ஏற்றும்போதே குவளையின் ஓரம்வரை உருகும்படி விட வேண்டும். விட்டம் ஓர் இஞ்சுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. மூன்று இஞ்ச் குவளைக்கு மூன்று மணி நேரம். நான்கைத் தாண்டினால் கண்ணாடி மிகவும் சூடாகிவிடும், அணைத்து ஆறவிட வேண்டும். ஏற்கெனவே குழி விழுந்துவிட்டதென்றால், குவளையின் வாயில் அலுமினியத் தாளைக் குடை மாதிரி மூடி நடுவில் மட்டும் துளை விட்டு எரியவிடலாம். சூடு உள்ளேயே நின்று ஓரமும் உருகிச் சமமாகும். தாளைக் கையால் தொடக் கூடாது, கொதிக்கும். அடியில் அரை இஞ்ச் மெழுகு மிச்சமிருக்கும்போதே விட்டுவிட வேண்டும். கடைசிச் சொட்டுவரை எரித்தால் குவளையின் அடி வெடிக்கும். முழுதாகச் சொல்லி முடித்ததும் "அத்தை, ஏசி காத்து நேரா அதுமேலதான் அடிக்குது, அதுவும் காரணமா?" என்றாள். உபதேசியார் பேத்தி, சொல்லாமலே பிடித்துக்கொண்டாள்.

ஒரு விஷயத்தில் நான் பெரியப்பாவை விட்டு விலகிவிட்டேன். மின்வெட்டுக்கு இப்போது நான் மெழுகுதிரி ஏற்றுவதில்லை. சார்ஜ் போடும் விளக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, தட்டிவிட்டாலும் பற்றாது. குழந்தைகளும் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களும் உள்ள வீடுகளில் அதைத்தான் வாங்கிவைக்க வேண்டும். மெழுகுதிரியைக் கோயிலுக்கும் கல்லறைக்கும், உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கிற சாயங்காலத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றினால் அதே அறையில் இருங்கள். எழுந்து போவதானால், அடுக்களைக்கே ஆனாலும், அணைத்துவிட்டுப் போங்கள்.